உலோகத்திடம் நாம் கேட்ட கேள்வி
அணுக்கழிவு ஆலைகளுக்கு உலோகம் தேர்ந்து சோதிக்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்டு, எஞ்சிய கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி அடைத்து வைக்கும் ஆலைகளுக்காக, எஃகுத் தகடுகளையும் குழாய்களையும் பற்றவைத்த மூட்டுகளையும் பரீட்சித்துச் சான்றிதழ் எழுதும் பணியில் புதிதாக அமர்ந்திருக்கும் உங்களுக்கு, அந்தப் பணியின் மேல் நீங்காத பற்றுக் கொண்டவன் என்ற ஒரே உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். 1964-ஆம் ஆண்டு டிராம்பேயில் தொடங்கிய இந்த வேலை, தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் வேரூன்றி, 2024 ஜனவரியில் வேக உலை எரிபொருளுக்கான செயல்விளக்க மறுபதன ஆலை கல்பாக்கத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதனினும் பெரிய ஆலைகள் இன்னும் எழும்ப இருக்கின்றன. அவற்றின் கலங்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது, பெரும்பாலும், உங்கள் மேஜைக்கு வரும் சிறிய உலோகத் துண்டுகளைப் பற்றி நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

நான் வேண்டிக்கொள்ள விரும்புவது ஒன்றே. ஓர் உலோகம் பரீட்சையில் தேறியது என்று எழுதும்போது, அது எந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தேறியது என்பதையும், எந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை என்பதையும் கூடவே எழுதுங்கள். இந்த வேண்டுகோள் ஏன் இவ்வளவு அவசியம் என்பதை விளக்கவே இனி வரும் பக்கங்கள்.

முதலில் இக்கலங்கள் நிற்கும் இடத்தை மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரண ரசாயன ஆலையில் ஒரு குழாய் ஒழுகினால், வால்வை மூடி, ஆளை அனுப்பி, அன்று மாலைக்குள் ஒட்டுப் போட்டுவிடலாம். மறுபதன ஆலையிலோ, கலமும் குழாயும் ஒரு மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் சுவர்களுக்குள் அடைபட்டு, கதிரியக்கத் திரவம் முதன்முறை உள்ளே பாய்ந்த நாளிலிருந்து மனிதப் பிரவேசம் அற்றுப் போய்விடுகின்றன. பிரிட்டனில் செல்லாஃபீல்டு வளாகத்தின் தார்ப் ஆலையில், ஒரு குழாய் முறிந்து, கரைந்த எரிபொருள் திரவம் சுமார் 83 கன மீட்டர் அளவுக்கு அறைத் தரையில் வழிந்து கிடந்தது 2005 ஏப்ரலில் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த ஒழுக்கு பல மாதங்களாக யாரும் அறியாமலே நடந்து வந்திருந்தது என்பது தெரிய வந்தது. அங்கே காரணம் அரிப்பன்று, அசைவினால் உலோகம் களைத்து முறிந்தமையே. அறைக்கு உட்புறம் வேய்ந்திருந்த எஃகுத் தகடு திரவத்தை வெளியே விடாமல் காத்தது. ஆயினும் கண் சென்று பார்க்க முடியாத இடத்தில் உலோகம் பழுதுபட்டால் எவ்வளவு தாமதமாகத் தெரிய வரும் என்பதற்கு அந்த நிகழ்ச்சி போதிய சாட்சி.

இத்தகைய இடத்தில் மிகவும் அஞ்சத்தக்க சேதம், உலோகம் முழுவதும் சீராகத் தேய்வதன்று. அதைக் கணக்கிட்டு, தகட்டைச் சற்றுக் கனமாகச் செய்து சமாளித்துவிடலாம். மணியிடை அரிப்பு என்று நாம் வழங்கும் சேதமே விபரீதமானது. எஃகு என்பது எண்ணற்ற நுண்ணிய படிக மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிய பொருள். மணிகள் சந்திக்கும் எல்லைகளை மட்டும் அமிலம் தேடித் தின்றுகொண்டு போகும்போது, மேற்பரப்பு பளபளப்புக் குன்றாமலும், எடை அதிகம் குறையாமலும் இருக்க, உள்ளே பிணைப்பு மட்டும் அற்றுப் போகிறது. நார் இற்றுப்போன பூமாலையில் பூக்கள் வாடியிரா. கையில் எடுத்த கணத்தில்தான் அவை உதிரும். அவ்வாறே இந்த எஃகும், தட்டினால் ஒலிக்க வேண்டிய கணீரென்ற நாதத்தை இழந்து, வளைத்தால் மணிமணியாக உதிர்ந்து போகும்.

1912-இல் ஜெர்மனியில் க்ரூப் நிறுவனத்தைச் சேர்ந்த மௌரரும் ஸ்ட்ராஸும் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த துருவேறா எஃகுக்குக் காப்புரிமை பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பற்றவைத்த இடத்துக்கு அருகில் அந்த எஃகு விசித்திரமாக அழிகிறது என்பதைத் தொழிற்சாலைகள் உணரத் தொடங்கிவிட்டன. 1930-ஆம் ஆண்டு இரண்டு பரீட்சைகள் உலகுக்கு அறிமுகமாயின. ஸ்ட்ராஸும் அவருடைய தோழர்களும் தாமிர சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த திரவத்தில் எஃகைக் கொதிக்க வைத்து, பின் அதை வளைத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஹ்யூயி என்பவர் 65 சதவீத நைட்ரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்து, அதில் எஃகைப் பல தவணைகள் இட்டு எடை பார்க்கும் முறையை வகுத்தார். 1933-இல் பெயின், அபோர்ன், ரதர்ஃபோர்டு என்னும் மூவர் இச்சேதத்துக்கு அளித்த விளக்கம் இன்றளவும் அசையாமல் நிற்கிறது.

அந்த விளக்கத்தைச் சற்று விரித்துச் சொல்வது நலம். எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம். சுமார் 12 சதவீதத்துக்குக் குறையாமல் அது இருக்கும் இடமெல்லாம் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் தானாகவே படிகிறது. எஃகில் சிறிதளவு இருக்கும் கார்பனோ, ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையுள்ள உஷ்ணத்தில் மணி எல்லைகளுக்கு ஓடிவந்து குரோமியத்தோடு கூடிக் கார்பைடாகப் படிகிறது. அந்தக் கார்பைடில் ஒரு பங்கு கார்பன் ஏறத்தாழ 16 பங்கு எடை குரோமியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். 0.08 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் அத்தனை கார்பனும் இவ்வாறு செலவானாலும், மொத்தம் 18 சதவீதத்துக்கு மேலுள்ள குரோமியத்தில் 1.3 சதவீத அளவே பறிபோகும். இதனால் என்ன கேடு என்று தோன்றலாம். கேடு கணக்கின் மொத்தத்தில் இல்லை, பறிபோகும் இடத்தில் இருக்கிறது. கார்பன் உலோகத்தினூடே விரைந்து நகரும், குரோமியம் மெள்ளவே நகரும். ஆகையால் தொலைவிலுள்ள கார்பனெல்லாம் எல்லைக்கு வந்து சேர, அது பிடிக்கும் குரோமியம் முழுவதும் எல்லையை ஒட்டிய, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் சில பங்கே அகலமுள்ள, ஒரு குறுகிய பட்டையிலிருந்து மட்டும் பறிக்கப்படுகிறது. அந்தப் பட்டையில் 12 சதவீதம் கூடத் தங்காதபோது அமிலத்துக்கு வழி திறந்துவிடுகிறது. பட்டறை வழக்கில் எஃகு சென்சிடைஸ் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். பற்றவைக்கும்போது உருகும் இடம் இந்த உஷ்ண எல்லையை விரைவில் தாண்டிப் போய்விட, அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளியுள்ள பகுதியே அந்த எல்லைக்குள் தங்கி நோய்ப்படுகிறது.

காரணம் தெரிந்தபின் பரிகாரமும் பிறந்தது. கார்பனை 0.03 சதவீதத்துக்குக் குறைத்தால், முன்பு சில நிமிஷங்களில் நேர்ந்த கேடு இப்போது நேர மணிக்கணக்காகும். பற்றவைப்பு அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. 304எல் என்னும் எஃகு இவ்வாறு வந்தது. டைட்டானியத்தையோ நியோபியத்தையோ சேர்த்துக் கார்பனை முன்கூட்டியே கட்டிப் போட்ட 321, 347 என்னும் எஃகுகளும் வந்தன. நம் நாட்டில் கதிரியக்கம் மிக்க திரவக் கழிவு அமிலமாகவே சேமிக்கப்படும் நிலத்தடித் தொட்டிகளும், அதைக் காய்ச்சிச் சுண்ட வைக்கும் கலங்களும் பெரும்பாலும் 304எல் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனிப் பரீட்சைகளுக்கு வருவோம். இன்று உங்கள் கையிலுள்ள ஏ.எஸ்.டி.எம். ஏ262 என்னும் நெறிநூல், பல பரீட்சைகளை ஏ, பி, சி என்று வரிசையாக வகுத்துத் தருகிறது. அவற்றுள் முதலாவது, 10 சதவீத ஆக்ஸாலிக் அமிலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் மின்சாரத்தை ஒன்றரை நிமிஷம் செலுத்தி, உலோகப் பரப்பை நுண்பெருக்கியில் பார்ப்பது. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்ட்ரைகர் 1953-இல் இதை வெளியிட்டபோது, இதன் நோக்கம் என்ன என்பதையும் தெளிவாகவே கூறினார்: 240 மணி நேரம் பிடிக்கும் நைட்ரிக் அமிலப் பரீட்சையினின்று நல்ல எஃகை விடுதலை செய்வது. மணிகளுக்கிடையே படிக்கட்டு போன்ற அமைப்பு மட்டும் தெரிந்தால், அந்த எஃகு நீண்ட பரீட்சைக்குப் போகாமலே ஏற்றுக்கொள்ளப்படலாம். ஒரு மணியையாவது முற்றும் சூழ்ந்த அகழி தெரிந்தாலோ, அது நீண்ட பரீட்சைக்கு அனுப்பப்பட வேண்டும், அவ்வளவே. அகழியைக் கண்ட மாத்திரத்தில் எஃகைத் தள்ளுபடி செய்ய இந்த முறை யாருக்கும் அதிகாரம் தரவில்லை. அவசரத்தில் தள்ளப்பட்ட நல்ல தகடு, அதற்குப் பதிலாக எங்கிருந்தோ விரைவில் வரவழைக்கப்படும் மற்றொரு தகட்டுக்கு வழி செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த முதல் சோதனைக்கு மற்றோர் எல்லையும் உண்டு. மாலிப்டினம் சேர்ந்த 316எல் எஃகிலும், 321, 347 எஃகுகளிலும் சிக்மா என்னும் ஒரு நுண்ணிய கட்டம் மணி எல்லைகளில் ஒளிந்திருக்கக்கூடும். கொதிக்கும் நைட்ரிக் அமிலம் அதைத் தேடித் தாக்கும். ஆக்ஸாலிக் அமிலத்தின் ஒன்றரை நிமிஷமோ அதைக் காட்டிக் கொடுக்காது. ஆகையால் நைட்ரிக் அமிலப் பணிக்கு இந்த எஃகுகளை முதல் சோதனையின் பேரில் விடுவிக்க நெறிநூல் அனுமதிப்பதில்லை. கடல் நீருக்கும் உப்புக்கும் 304-ஐ விட மேம்பட்டது என்று புகழ்பெற்ற 316, சூடான நைட்ரிக் அமிலத்துக்கு உகந்ததன்று என்பதை, உயர்ந்த விலைக்கு உயர்ந்த குணம் என்று கருதும் கொள்முதல் அதிகாரிகளுக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃபெர்ரிக் சல்பேட்டும் 50 சதவீதக் கந்தக அமிலமும் கொதிக்கும் 120 மணி நேரப் பரீட்சையும், ஸ்ட்ராஸ் முறையின் வழிவந்த வளைப்புப் பரீட்சையும், கார்பைடினால் குரோமியம் பறிபோனதா என்ற ஒரே விஷயத்தையே பெரும்பாலும் விசாரிக்கின்றன. ஹ்யூயியின் பரீட்சை அதற்கு மேலும் கடுமையானது. கார்பைடோடு சிக்மா கட்டத்தையும், உருட்டிய தகட்டின் வெட்டுமுனையில் தலைநீட்டும் மாசுக் கோடுகளையும் அது விசாரிக்கிறது. 48 மணி நேரம் கொண்ட ஐந்து தவணைகளாக அது நடைபெறும்போது, ஒவ்வொரு தவணைக்கும் அமிலம் புதிதாக மாற்றப்பட வேண்டும். சராசரியை மட்டும் எழுதிவிட்டு ஐந்து எண்களை மறந்துவிடுவது இங்கே பெரும் பிழை. முதல் தவணையிலிருந்து ஐந்தாம் தவணை வரை எண்கள் ஏறிக்கொண்டே போகுமானால், எல்லைகள் அரிக்கப்பட்டு மணிகள் உதிரத் தொடங்கிவிட்டன என்பதே பொருள். சராசரி வரம்புக்குள் அடங்கியிருந்தாலும் அந்த ஏற்றம் உங்கள் கவனத்தைக் கோருகிறது. ஒரே ஜாடியில் பல துண்டுகளை இடும்போதும் ஜாக்கிரதை வேண்டும். ஒரு துண்டு மோசமாகக் கரைந்தால், அதிலிருந்து அமிலத்தில் சேரும் குரோமியம் பக்கத்திலுள்ள நல்ல துண்டையும் வேகமாக அரிக்கும். அப்போது நல்லதும் பொல்லாததும் ஒரே எண்ணின் கீழ் வந்துவிடும்.

கரைந்த குரோமியம் அமிலத்தை ஏன் இன்னும் கொடியதாக்குகிறது என்ற கேள்வியே, நான் உங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்பும் மிக முக்கியமான விஷயத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கொதிக்கும் நைட்ரிக் அமிலம் தானே ஆக்ஸிகரண சக்தி மிக்கது. கரைந்த குரோமியம் அதில் ஆறு இணைதிறன் உள்ள நிலைக்கு உயரும்போது, எஃகின் மின்னழுத்தம் இன்னும் மேலேறி, அதுகாறும் எஃகைக் காத்து நின்ற படலமே கரையத் தொடங்குகிறது. அந்த நிலையில் மணி எல்லைகள் தாக்குண்பதற்குக் கார்பைடு வேண்டியதில்லை. நன்கு பதப்படுத்தப்பட்ட, சென்சிடைஸ் ஆகாத, கார்பன் குறைந்த எஃகும் மணியிடை அரிப்புக்கு இரையாகிறது. பிரான்சில் சாக்லே ஆய்வுக்கூடத்தில் கோரியூவும் அவர் குழுவினரும் குரோமியம் கலந்த நைட்ரிக் அமிலத்தில் செய்த ஆராய்ச்சிகளும், அவற்றைத் தொடர்ந்த பலருடைய ஆராய்ச்சிகளும், எல்லைகளில் ஒதுங்கும் பாஸ்பரசும் சிலிக்கனும் இதற்குத் துணை போவதைக் காட்டின. சிலிக்கன் மிகக் குறைவாக இருந்தாலும், சுமார் 4 சதவீதம் வரை மிகுந்திருந்தாலும் எஃகு நன்றாகத் தாங்குகிறது. சாதாரண எஃகில் இருப்பதுபோல் இடைப்பட்ட அளவில் இருக்கும்போதே அதிகம் கெடுகிறது. நைட்ரிக் அமிலத் தர எஃகு என்று தனியாகத் தயாரிக்கப்படும் 304எல் வகையில் கார்பனோடு சிலிக்கன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றையும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஆய்வகத்து ஜாடியில் குரோமியம் என்றால், ஆலைக் கலத்திலோ அதோடு சீரியம், ருதேனியம், நெப்டூனியம், புளூட்டோனியம் என்று ஆக்ஸிகரண சக்தியுள்ள அயனிகள் பலவும் கூடியிருக்கின்றன. அங்கே 48 மணி நேரத்துக்கு ஒருமுறை புத்தமிலம் ஊற்றுவார் இல்லை. கழிவு சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடிக்கொண்டே போகிறது. சூடேற்றும் சுருள்குழாயின் தோல், திரவத்தின் உஷ்ணமானியில் தெரிவதைக் காட்டிலும் அதிக உஷ்ணத்தில் இருக்கிறது. ஆகையால், அமிலச் செறிவை மட்டும் ஒப்பிட்டு, 65 சதவீதக் கொதி அமிலத்தில் 240 மணி நேரம் தாங்கிய எஃகு இதனினும் நீர்த்த அமிலத்தில் 40 ஆண்டு தாங்கும் என்று முடிவு கட்டுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது. ஹ்யூயி பரீட்சை கேட்டது ஒரு கேள்வி. சுண்டு கலம் நாள்தோறும் கேட்பது வேறொரு கேள்வி.

டைட்டானியத்தை நோக்கினால் இந்த உண்மை இன்னும் தெளிவாகும். எஃகினின்று கரைந்த குரோமியம் எஃகுக்கே பகையாகிறது. டைட்டானியத்தினின்று கரைந்த டைட்டானியமோ அதற்குக் காவலாகிறது. அதன் அயனிகள் அமிலத்தில் தேங்கத் தேங்க அரிப்பு தணிகிறது. எனவே ஆவி குளிர்ந்து, கரைபொருள் எதுவும் இல்லாத தூய அமிலமாக ஓயாமல் வழியும் இடத்தில்தான் டைட்டானியம் துன்புறுகிறது. இப்போது ஹ்யூயியின் விதியை நினையுங்கள். தவணைதோறும் அமிலத்தைப் புதுப்பிப்பது எஃகுக்குச் சலுகை, டைட்டானியத்துக்குத் தண்டனை. ஒரே ஜாடி, ஒரே அமிலம், ஒரே 240 மணி நேரம். ஆயினும் இரண்டு உலோகங்களிடம் இரண்டு வெவ்வேறு கேள்விகள். இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக எழுதி, சிறியது வென்றது என்று சொல்லிவிட முடியுமா? டைட்டானியத்தோடு 5 சதவீதம் டாண்டலமும் 1.8 சதவீதம் நியோபியமும் சேர்ந்த கலவையைக் கல்பாக்கத்து ஆராய்ச்சியாளர் உருவாக்கிச் சோதித்தபோது, கொதிக்கும் திரவத்தோடு நில்லாமல், ஆவியிலும், குளிர்ந்து வழியும் நீர்மத்திலும் தனித்தனியே சோதித்ததன் காரணம் இதனால் விளங்கும். பிரான்சின் லா ஹேக் ஆலையிலும், ஜப்பானின் ரொக்காஷோ ஆலையிலும் கரைகலத்துக்குத் தேர்ந்த ஜிர்கோனியத்துக்கும் தனக்கேயுரிய பலவீனம் உண்டு: நைட்ரிக் அமிலத்தை மிக நன்றாகத் தாங்கும் அது, சிறிதளவு ஃப்ளோரைடைக் கண்டால் அழிகிறது.

உலக அனுபவம் இதையே திரும்பத் திரும்பப் போதிக்கிறது. அமெரிக்காவின் சவன்னா ரிவர் வளாகத்தில் கழிவைக் காரமாக்கிச் சாதாரண கார்பன் எஃகுத் தொட்டிகளில் சேமித்தபோது, நைட்ரேட்டும் பற்றவைப்பில் எஞ்சிய இழுவிசையும் சேர்ந்து மணி எல்லைகளின் வழியே வெடிப்புகளை உண்டாக்கின. 16-ஆம் தொட்டியில் கசிந்த கழிவில் ஒரு சிறு பகுதி 1960-இல் மண்ணையும் எட்டியது. கார்பைடு பரீட்சை எதுவும் அந்த எஃகைப் பற்றி எச்சரித்திருக்க முடியாது. விசையையும் நைட்ரேட்டையும் சேர்த்து விசாரித்தபின்தான் உண்மை புலப்பட்டது. பின்னர் கட்டிய தொட்டிகளைப் பற்றவைத்தபின் முழுவதும் சூடேற்றி இழுவிசையைப் போக்கினார்கள். கழிவில் நைட்ரைட்டையும் காரத்தையும் குறித்த அளவுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டார்கள். ஜப்பானின் டோக்காய் ஆலையில், 25 சதவீதம் குரோமியமும் 20 சதவீதம் நிக்கலும் கொண்ட உயர்ந்த எஃகினால் செய்த கரைகலங்களில், பற்றவைப்பை ஒட்டி நுண்துளைகள் 1982-லும் 1983-லும் தோன்றின. லா ஹேக்கில் கதிரியக்கக் கழிவைச் சுண்ட வைக்கும் ஆறு கலங்களின் சுவர், வடிவமைத்தபோது எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்வது தெரிய வந்து, 2016-இல் பிரான்சின் அணுப் பாதுகாப்பு ஆணையம் கடுமையான கண்காணிப்பு நிபந்தனைகளை விதித்தது; புதிய கலங்கள் கட்டி மாற்றப்பட்டன. இந்த உலோகங்களில் எதுவும் சோதியாமல் எடுத்துவைத்த உலோகம் அன்று.

நிக்கல் கலவைகளுக்கும் இதே நீதிதான். சவன்னா ரிவரில் 1996 முதல் கழிவைக் கண்ணாடியாக்கி வரும் ஆலையில், கழிவோடு அமிலமும் கண்ணாடித் தூளும் கலக்கும் கலங்கள் சி-276 என்னும் கலவையால் ஆனவை. சுமார் 16 சதவீதம் குரோமியமும் அதே அளவு மாலிப்டினமும் கொண்ட இக்கலவையின் முன்னோடி, பற்றவைத்தபின் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் எல்லைகளில் அரிக்கப்பட்டு வந்தது. கார்பனையும் சிலிக்கனையும் மிகக் குறைத்த பிறகே, பற்றவைத்தபடியே பயன்படுத்தத்தக்க சி-276 பிறந்தது. அதற்குரிய ஜி28 பரீட்சை 24 மணி நேரத்தில் எல்லைகளின் நலத்தைச் சொல்லிவிடும். ஆனால் அந்த ஆலையில் கலக்கியின் இதழ்களையும் சுருள்குழாய்களையும் தேய்த்தது, அமிலத்தோடு சுழன்ற கண்ணாடித் தூளின் உராய்வு. 1150 டிகிரியில் கண்ணாடியை உருக்கும் உலையின் மின்முனைகளும், நம் நாட்டின் உலோக உருக்குகலங்களும் 690 என்னும் கலவையால் ஆனவை. அங்கே உருகிய கண்ணாடியே அரிக்கும் திரவம். கொதி அமிலத்தில் அதன் எல்லைகள் எவ்வளவு திடமாக இருந்தாலும், உருகிய கண்ணாடியைப் பற்றி அந்தப் பரீட்சை வாய் திறப்பதில்லை.

இவ்வளவு சொன்னதனால், பரீட்சைகளின் மேல் எனக்கு அவநம்பிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். நூறு தகடுகளில் கார்பைடு படிந்த ஒரு தகட்டைப் பொறுக்கி எடுப்பதற்கும், உஷ்ணப் பதம் தவறிய ஓர் உருக்கைக் கண்டுபிடிப்பதற்கும் இவற்றுக்கு நிகரான கருவி இல்லை. மலிவாகவும் விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் அந்தக் காரியத்தை அவை செய்கின்றன. அவை செய்யாத காரியத்தையும் செய்ததாக நாம் பாவித்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து நுழைகிறது. தள்ளப்பட்ட தகடு கிடங்கின் மூலையில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும். தகுதியின்றித் தேறிய தகடோ கான்கிரீட் சுவருக்குள் மறைந்துவிடும். ஆகவே தள்ளுவதில் காட்டும் கண்டிப்பைக் காட்டிலும் தேற்றுவதில் காட்டும் நிதானம் பன்மடங்கு முக்கியமானது.

இந்த நிதானத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கலம் எந்த நிலையில் பணி செய்யுமோ அந்த நிலையிலேயே உலோகத்தைச் சோதியுங்கள்: கார்பன் குறைந்த எஃகானால் 675 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தபின்; பற்றவைத்துப் பயன்படுவதானால், கலத்துக்குப் பற்றவைக்கும் அதே தொழிலாளி அதே முறையில் பற்றவைத்த மாதிரித் துண்டை. தகட்டின் பளபளப்பான முகத்தோடு நில்லாமல் வெட்டுமுனையையும் அமிலத்துக்குக் காட்டுங்கள். கலத்தில் குழாய் செருகும் துளைகளிலெல்லாம் அந்த முனையே அமிலத்தைச் சந்திக்கப் போகிறது. பற்றவைப்போரைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்து, அகழி சூழ்ந்த மணிகளை நுண்பெருக்கியில் காட்டுங்கள். பற்றவைப்பில் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே மூட்டை ஆறவிடச் சொல்லும் விதி எதற்காக என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள். பணித் திரவத்தின் அயனிகளைக் கதிரியக்கமற்ற பதிலிகளைக் கொண்டு அமைத்து, சூடேறும் பரப்பையும் குளிர்ந்து வழியும் ஆவியையும் உட்படுத்தி, நீண்ட காலச் சோதனை ஒன்றைத் தேர்வுப் பரீட்சையோடு இணையாக நடத்த வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் வற்புறுத்துங்கள். செலவு மிகுதி என்று சொல்வார்களானால், உள்ளே போக முடியாத அறையில் ஒரு கலத்தை மாற்றுவதன் செலவை அவர்கள் முன் வையுங்கள்.

கடைசியாக, சான்றிதழைப் பற்றி. அதில் அரிப்பின் அளவுக்கும் கையொப்பத்துக்கும் இடையே நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். சோதித்த துண்டு எந்த நிலையில் இருந்தது என்பது ஒன்று. எவ்வகை அரிப்பை இந்தப் பரீட்சை விசாரித்தது என்பது இரண்டு. ஐந்து தவணைகளின் எண்களும் தனித்தனியே மூன்று. கலம் சந்திக்கப்போகும் நிலைமைகளுள் எவை இதில் விசாரிக்கப்படவில்லை என்பது நான்கு. இந்த நான்காவது வரியை எழுதுவதற்குச் சிறிது தைரியம் வேண்டும். ஏனெனில் அதை எழுதுகிறவரிடம், அப்படியானால் இந்த உலோகத்தை ஏற்கலாமா கூடாதா என்று உடனே கேட்பார்கள். ஏற்கலாம், ஆனால் இன்ன கேள்விக்கு இன்னும் விடை வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த ஆலைகள் 40 ஆண்டுக்கு மேல் இயங்க வேண்டியவை. நீங்கள் ஓய்வு பெற்ற பின் அவற்றை நடத்தப்போகும் பொறியாளர்கள் இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு கலத்தின் ஆயுளை நீட்டலாமா, நிறுத்தலாமா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டிய நாளில், பழைய கோப்பை எடுத்துப் புரட்டுவார்கள். தேறியது என்ற ஒரு சொல் மட்டும் அதில் இருந்தால் அது அவர்களுக்கு எவ்விதத்திலும் துணை செய்யாது. எதைக் கேட்டோம், எதைக் கேட்கவில்லை என்ற உங்கள் நான்கு வரிகள் இருந்தால், எங்கே முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த சான்றிதழிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பணியில் நம்பிக்கை கொண்ட
உலோகவியல் அன்பன்